அட்டாலிப் பெட்டியில் வாழைமர நோட்டுகள்

கேள்வி: எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவைப் பெற்ற அப்புச்சி மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். யுத்தம் முடிந்த பிறகு ஊர் திரும்பினார். போன மாதம் ஓடு மாற்றும்போது அட்டாலியிலிருந்து அவருடைய தகரப்பெட்டி இறங்கியது. உள்ளே 64 நோட்டுகள். வாழைமரம் போட்ட பத்து டாலர் 41, ஒன்றும் ஐந்துமாக 15, ஆயிரம் டாலர் ஒன்று. ரூபாய் என்று அச்சிட்டு, அடியில் ஜப்பான் எழுத்து உள்ளவை 6. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பத்து ரூபாய் நோட்டு ஒன்றில் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் என்னவோ அடித்திருக்கிறது. ரஜூலா கப்பல் சீட்டு ஒன்றும் இருந்தது. பத்து டாலரில் ஒரு டஜன் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் மொத்தமாக விலை பேசுகிறார். யூடியூபில் ஆயிரம் டாலருக்கே லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். பழுப்பு போக சோப்புத் தண்ணீரில் அலசி எடுக்கலாம் என்கிறார் அண்ணன். விற்பதா, வைத்துக்கொண்டு மேலே சேர்ப்பதா?

பதில்: அண்ணன் கையிலிருந்து சோப்பை வாங்கி வைத்துவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அந்தக் காகிதம் தண்ணீரைத் தாங்கினாலும் சிவப்பு மை தாங்கும் என்று சொல்ல முடியாது. முத்திரையும் எழுத்தும் கசிந்து நோட்டு முழுக்க ரோஜா நிறம் பரவினால் அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது. சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டும் ஒளிரும் பொருள் ஒன்று கலந்திருக்கிறது. அது காகித நாரில் ஏறிக்கொண்டால் புற ஊதா விளக்கில் நோட்டு நீலமாகப் பளிச்சிடும். போலி நோட்டைப் பிடிக்க வியாபாரிகள் நம்பும் முதல் சோதனையே அதுதான். நல்ல நோட்டை நீங்களே போலியாக்கியதாகிவிடும். இஸ்திரி போடுவது, அழிரப்பரால் தேய்ப்பது, கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது எல்லாம் அதே கணக்கில்தான் சேரும். டேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகி நாருக்குள் இறங்கிவிடும். லேமினேஷனைப் பிரித்தால் நோட்டின் முகமே அதோடு வந்துவிடும்.

அடுத்த வேலை படம் எடுப்பது. பெட்டியில் எது மேல், எது கீழ், எதோடு எது சேர்ந்திருந்தது என்பதைக் கலைப்பதற்கு முன்னாலேயே எடுத்திருந்தால் நல்லது. கலைத்துவிட்டீர்கள் என்றால் நினைவில் இருப்பதை இன்றைக்கே எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு நோட்டுக்கும் மூன்று படம்: முன்பக்கம், பின்பக்கம், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒன்று. ஓரத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் தெரியட்டும். கையுறை வேண்டாம். பருத்தி இழை கிழிந்த ஓரத்தில் மாட்டி இழுத்துவிடும். கை கழுவி, நன்றாகத் துடைத்து, ஈரமில்லாமல் தொட்டால் போதும். எண்ணெய் தேய்த்த தலையைக் கோதிய கையோடு மட்டும் தொடாதீர்கள்.

இனி, உங்களிடம் இருப்பது என்ன? இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தான் பிடித்த நாடுகளில் புழக்கத்துக்கு விட்ட பணம்தான் பெரும்பாலும். இந்த நோட்டுகளில் நாட்டின் பெயர் கிடையாது, தேதி கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கேட்டவுடன் தருவதாக ஜப்பானிய அரசு உறுதி சொல்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், அடியில் 'தாய் நிப்பொன் தெய்கோகு செய்ஃபு' என்று ஜப்பானிய எழுத்து, ஒரு சிவப்பு முத்திரை. அவ்வளவுதான். எந்த நாட்டுக்கு அடித்தது என்பதைச் சொல்வது முன்பக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்துகளில் முதல் எழுத்து. மலேயாவுக்கு எம். சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோவிலும் இதே நோட்டுதான் ஓடியது. பர்மாவுக்கு பி, டச்சு இந்தியத் தீவுகளுக்கு (இன்றைய இந்தோனேசியா) எஸ், நியூ கினியாப் பக்கத்து ஓஷியானியாவுக்கு ஓ, பிலிப்பைன்ஸுக்கு அந்த நாட்டின் முதல் எழுத்து. தமிழில் எழுதினால் பர்மாவும் பிலிப்பைன்ஸும் ஒரே 'பி' ஆகிவிடும். ஆகையால் குறிப்பேட்டில் இந்த எழுத்துகளை மட்டும் நோட்டில் இருக்கிறபடியே ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். ரூபாய் என்று இருந்தால் பர்மா, பெசோ என்று இருந்தால் பிலிப்பைன்ஸ், ஷில்லிங்கும் பவுனும் ஓஷியானியா. சயாமுக்கும் பிரெஞ்சு இந்தோசீனாவுக்கும் இப்படித் தனி நோட்டு அடிக்கவில்லை. அங்கே உள்ளூர் பணத்தையே வாங்கிச் செலவழித்தார்கள்.

உங்கள் 41 நோட்டில் விலை வித்தியாசம் எங்கேயாவது இருந்தால் அது முதலில் இந்த எழுத்துகளிலும் அவற்றோடு வரும் எண்ணிலும்தான் இருக்கும். 1942-ல் முதலில் வந்த ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளில் எழுத்தோடு வரிசை எண்ணும் உண்டு. பிறகு எண் அடிப்பதை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எண் போனதும் எத்தனை அடித்தோம் என்ற கணக்கும் போயிற்று. சண்டையின் கடைசி வருடத்தில் விலைவாசி ஏறிய ஏற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே பத்து டாலர்களில் எண் உள்ளது ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தனியே எடுத்து வையுங்கள், மற்ற நாற்பதையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாமல் போகலாம். சென்ட் நோட்டுகளில் இதே விஷயம் வேறு மாதிரி. முந்தையதில் இரண்டு எழுத்து பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பிந்தையதில் பின்னம் எழுதுவதுபோல் மேலே எம், கோட்டுக்குக் கீழே இரண்டு எழுத்து.

காகிதமும் மாறியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிலவற்றில் நீர்க்குறி தெரியும். பிந்திய அச்சில் நீர்க்குறி இல்லாமல், பட்டு இழைத் துணுக்குகள் காகிதத்துக்குள் சிதறிக் கிடக்கும். ஒரே பத்து டாலர், ஒரே படம், ஆனால் பட்டியலில் வெவ்வேறு துணை வகை. சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் உலக நோட்டுப் பட்டியலின் எண்ணில், அதாவது பிக் எண்ணில், மலேயாவின் ஆக்கிரமிப்பு நோட்டுகள் எம் 1 தொடங்கி எம் 10 வரை. பத்து டாலருக்கு எம் 7. அதன் பின்னால் வரும் சிறிய எழுத்து இந்தத் துணை வகையைக் குறிக்கிறது. விற்பவர் எம் 7 என்று மட்டும் சொன்னால், எந்த எழுத்து, எண் உண்டா இல்லையா, நீர்க்குறியா இழையா என்று கேளுங்கள். பதில் தயங்கினால் அவருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம்.

படங்களை வைத்து அடையாளம் காண்பது சுலபம். பத்து டாலரில் வாழை, குலையோடு. 'வாழைமர நோட்டு' என்ற பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது. மலாய்க்காரர்களும் வாழைப்பழக் காசு என்றேதான் சொன்னார்கள். ஒரு டாலரில் ஈரப்பலா மரமும் தென்னையும். ஐந்தில் தென்னையும் பப்பாளியும். ஐம்பது சென்ட்டில் விசிறி விரித்தாற்போல் நிற்கும் விசிறிவாழை. வெள்ளைக்கார மன்னர் தலையை எடுத்துவிட்டு தோட்டத்து மரங்களை வைத்ததில் ஒரு கணக்கு இருந்திருக்கும். நம் கொல்லையில் நிற்பதே பணத்தில் இருப்பதால்தானோ என்னவோ, உங்களைப்போல் கேட்டு எழுதும் எல்லோரும் எண்ணிக்கையைச் சொல்லும் முன் மரத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

விலைக்கு வருகிறேன். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மூன்றரை வருடம் இந்தப் பணம் ஓடியது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பியதும் இது செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றிக்கொள்ள ஒரு நாள் தவணையும் இல்லை. அதனால்தான் உங்கள் அட்டாலியில் இது இருக்கிறது. மாற்ற முடிகிற பணம் வங்கிக்குப் போய்விடும், மாற்ற முடியாதது பெட்டிக்குள் தங்கிவிடும். 1941 ஜூலை 1 தேதியிட்ட மலேயாவின் ஜார்ஜ் மன்னர் நோட்டு நல்ல நிலையில் கிடைப்பது சிரமம். வாழைமர நோட்டு கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. சாதாரண எழுத்துள்ள பத்து டாலர், மடிப்போடு, பழுப்போடு, இங்கே சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது. நாற்பது இருப்பதால் நாற்பது மடங்கு கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஒரே மாதிரி நாற்பதை வாங்கும் வியாபாரி அதை விற்க மூன்று வருடம் ஆகும் என்று கணக்குப்போட்டுத்தான் விலை சொல்வார். அவர் குறைத்துக் கேட்பதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி, அந்த ஆயிரம் டாலரையும் ஜார்ஜ் மன்னரையும் குவியலோடு குவியலாகத் தள்ளிக்கொண்டு போகும் ஆசை. மொத்த விலைக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. இனம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

யூடியூப் லட்சத்தை மறந்துவிடுங்கள். விற்க வைத்திருப்பவர் கேட்கும் விலை வேறு, ஏலத்தில் கை மாறிய விலை வேறு. ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலத்தின் விலையை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதில் உங்கள் நோட்டின் அதே எழுத்து, அதே நிலை உள்ளதாக நான்கைந்தைப் பார்த்து நடுவிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி பழைய நோட்டு வாங்குகிறது, முன்பணம் கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். இப்படித் தன் பெயரைச் சொல்லி கமிஷன் கேட்கிறார்கள், நாங்கள் இதில் இல்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்திருக்கிறது. ஜப்பான் அரசு இப்போது பணம் தருகிறது என்பதும் அதே ரகம். பிலிப்பைன்ஸில் இந்த நம்பிக்கையில் ஒரு சங்கமே அமைத்து, உறுப்பினர்களின் நோட்டுகளில் முத்திரை குத்திப் பதிவு செய்து, அமெரிக்க நீதிமன்றம் வரை போனார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த முத்திரை குத்திய நோட்டுகள் இன்று தனியொரு சேகரிப்பு வகை.

ஆயிரம் டாலர் நோட்டு 1945-ல், கடைசிக் கட்டத்தில் வந்தது. மாட்டுவண்டிப் படம் இருக்கும். பத்து டாலரைவிட விலை கூடுதல்தான், ஆகவே நகல்களும் கூடுதல். பெட்டியில் அப்புச்சி வைத்ததே என்றால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. ஆனாலும் இடையில் யாராவது கடையில் வாங்கிப் போட்டிருக்கலாம், சோதித்துவிடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று, இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். இருட்டறையில் டார்ச்சை அடியுங்கள். போர்க்காலக் காகிதம் மங்கலாக, பழுப்பாகத் தெரியும். நகலின் காகிதம் கல்யாண வீட்டு வெள்ளை வேட்டிபோல் நீலமாக ஒளிரும். வெளுப்புப் பொருள் கலந்த காகிதம் பரவலானது யுத்தத்துக்குப் பிறகுதான். ஒளிராததெல்லாம் அசல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டீத்தண்ணீரில் ஊறவைத்த நகலும் ஒளி மங்கும். அதனால் லென்ஸும் வேண்டும். அசலில் மரத்தின் இலைக் கோடு கோடாகவே இருக்கும், நிறம் திட்டாக இருக்கும். நகலில் அதே கோடு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாக உடைந்து தெரியும். யுத்த காலத்திலேயே கள்ளத்தனமாக அடித்தவையும் உண்டு. அவை இந்தச் சோதனையில் தப்பிவிடும், ஆனால் அச்சு மொழுமொழுவென்று, எழுத்து உருண்டு இருக்கும். அவற்றையும் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள், தூக்கி எறிய வேண்டாம்.

ரூபாய் என்று அச்சிட்ட ஆறும் பர்மாவுக்கு அடித்தவை. ரங்கூன் 1942 மார்ச் 8-ல் ஜப்பானியர் கைக்குப் போனது. அதற்குப் பின் வந்த இந்தத் தொகுதியில் 1, 5, 10 சென்ட், கால், அரை, ஒன்று, ஐந்து, பத்து, நூறு ரூபாய் என்று ஒன்பது மதிப்புகள். அணாக் கணக்கில் பழகிய பர்மாவில் ரூபாய்க்குக் கீழே சென்ட் போட்டது விநோதம்தான். அரை ரூபாயில் பகான் ஆனந்தா கோயில் இருக்கிறதா பாருங்கள். சந்தையில் இவற்றுக்குப் பெரிய விலை இல்லை. ஆனால் மலேயாவில் இருந்தவர் பெட்டியில் பர்மா நோட்டு ஏன் வந்தது என்பது பணத்தைவிடப் பெரிய கேள்வி. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்களை சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அப்புச்சியோ அவருடைய கூட்டாளி யாரோ அந்தப் பக்கம் போனார்களா, இல்லை, ரங்கூனிலிருந்து வந்த சொந்தக்காரர் யாராவது கொடுத்ததா? அம்மாவிடமும், இருந்தால் பெரியம்மா சின்னம்மாவிடமும் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர், ஊர், திரும்பிய வருடம், எந்தத் துறைமுகம். சொல்பவர் பெயரும் கேட்ட தேதியும் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் பெட்டியில் நான் முதலில் கையில் எடுப்பது ஜார்ஜ் மன்னர் பத்து ரூபாயைத்தான். சிவப்பில் உள்ள ஆங்கில வாசகம் 'பர்மா ராணுவ நிர்வாகம், பர்மாவில் மட்டும் செல்லும்' என்ற பொருளில் இருந்தால், அது ஜப்பானியர் வெளியேறிய பின் 1945-ல் பிரிட்டிஷார் இந்திய நோட்டில் மேலச்சு செய்து பர்மாவில் விட்டது. 'பர்மா கரன்சி போர்டு' என்று இருந்தால் 1947. இரண்டுக்கும் நல்ல கேட்பு உண்டு. அதனாலேயே சாதாரண பத்து ரூபாயில் சிவப்பு மையை அடித்து விற்கிறார்கள். கண்டுபிடிக்க மடிப்பைப் பாருங்கள். மேலச்சு முதலில், மடிப்பு பிறகு என்றால், மடிப்புக் கோட்டில் சிவப்பு மை தேய்ந்து, உடைந்து, நடுவே வெள்ளை நார் தெரியும். மடிப்பு முதலில், மை பிறகு என்றால், விரிசலுக்குள் மை இறங்கி இரண்டு பக்கமும் கசிந்து நிற்கும். லென்ஸில் இது கண்ணாடிபோல் தெரியும். குண்டூசி ஓட்டையின் விளிம்பிலும் இதே சோதனைதான். எந்த வரிசை எண்களில் மேலச்சு நடந்தது என்பது பட்டியல்களில் இருக்கிறது, உங்கள் நோட்டின் முன்னெழுத்து அதில் வருகிறதா என்றும் ஒத்துப்பாருங்கள்.

கட்டியாகிப்போன டஜனுக்கு வருவோம். பிரிக்க முயன்றால் ஒரு நோட்டின் வாழைமரம் இன்னொரு நோட்டின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அவசரமில்லை, எண்பது வருடம் காத்திருந்தது தை வரை காத்திருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாயில் காற்று வறண்டு அடிக்கும் அந்த நாட்களில் வேலை நம் கைப்பிடிக்குள் இருக்கும். ஆடியில், மலையாளத்தார் சொல்லும் கர்க்கடகத்தில், தொட்டால் ஒரு ராத்திரியில் பூஞ்சை பூத்துவிடும். கட்டியில் பச்சையோ கறுப்போ பொடிப்பொடியாக இருந்தால் அது பூஞ்சை. முகமூடி கட்டிக்கொண்டு, வாசலில் வைத்து, மெல்லிய ஓவியத் தூரிகையால் உலர்வாகத் துடைப்பதோடு நிறுத்துங்கள். அதற்கு ஈரம் காட்டவே கூடாது.

பூஞ்சை இல்லையென்றால் இப்படிச் செய்யலாம். மூடியுள்ள அகலமான பிளாஸ்டிக் டப்பாவின் அடியில், காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச். அதன் மேல் தண்ணீர் தொடாத உயரத்தில் பிளாஸ்டிக் வலை. வலைமேல் உறிஞ்சுதாள், தாள் மேல் கட்டி. மூடி வைத்து மணிக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். மூடியில் துளி கட்டி நோட்டில் சொட்டும் நிலைக்கு விடாதீர்கள். நாலிலிருந்து ஆறு மணி நேரத்தில் காகிதம் தளரும். ஓரம் தானாக விரியத் தொடங்கிய நோட்டை மட்டும், மூங்கில் சீவலை மழுங்கத் தேய்த்துக்கொண்டு, மூலையிலிருந்து நடுவை நோக்கி எடுங்கள். இதற்கு முன்பே ஒரு நோட்டின் சிவப்பு மையில் ஊசிமுனை அளவு ஈரத்தைத் தொட்டு வெள்ளை உறிஞ்சுதாளை அழுத்திப் பாருங்கள். சிவப்பு ஏறினால் இந்த வேலையே வேண்டாம். பிரிந்ததை இரண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவே, மேலே கனமான புத்தகம் வைத்து ஒரு நாள் விடுங்கள், தாளை ஆறு மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள். வராத நோட்டைக் கட்டாயப்படுத்தாதீர்கள். நாலு பிரிந்து எட்டு கட்டியாகவே இருந்தாலும் நஷ்டம் பெரிதில்லை, எண் உள்ள நோட்டு அதற்குள் இருக்கிறது என்று ஓரத்தில் தெரிந்தால் மட்டும் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

பெட்டியில் ராமபாணப் பூச்சி ஓடியதா, ஓரங்கள் அரிப்புண்டிருக்கின்றனவா? அப்படியானால் ஈரமில்லாத நோட்டுகளை ஜிப் உறையில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் திறக்கக்கூடாது, ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த காகிதத்தில் நீர் வியர்க்கும். பாச்சா உருண்டை வேண்டாம். வேப்பிலை, வசம்பு சுவடிப்பெட்டிக்குச் சரி, இதற்குச் சரியில்லை. இலை காய்ந்து கசிந்தால் நோட்டில் இலை வடிவத்திலேயே கறை விழும்.

உறை வாங்கும்போது பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். புது மழைக்கோட்டு வாசனை அடிக்கிற மெத்தென்ற உறை பிவிசி. இரண்டு மழைக்காலம் தாண்டினால் எண்ணெய் கசிந்து நோட்டோடு ஒட்டும். சந்தேகம் என்றால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி உறையின் ஒரு துணுக்கைத் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பிவிசி. திறந்த வெளியில் செய்யுங்கள், புகை கெட்டது. ஒரு உறைக்கு ஒரு நோட்டு. குறிப்பை நோட்டில் எழுதாமல், உறைக்குள் வைக்கும் அமிலமில்லாத் துண்டில் பென்சிலால் எழுதுங்கள். உறைகளை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் நிற்கவைத்து, பத்து லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் அளவில் சிலிகா ஜெல் பை. நிறம் மாறும் வகையாக வாங்குங்கள். நீலம் ரோஜாவானதும் வெயிலில் வைத்தால் பத்தாது, அடுப்பில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து நீலமாக்கிக்கொள்ளலாம். உள்ளே சின்ன ஈரமானி ஒன்று, 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் நல்லது. டப்பாவை மறுபடி அட்டாலியில் ஏற்றாதீர்கள், ஓட்டுக்கடியில் பகலில் கொதிக்கும், ராத்திரி குளிரும். வெளிச்சுவரை ஒட்டாத, வீட்டின் உள்ளறை அலமாரியின் நடுத்தட்டு போதும். தகரப்பெட்டியில் துரு இருக்கும். அதைத் தனியே வைத்திருங்கள், நோட்டை அதில் திரும்ப வைக்காதீர்கள்.

விற்பதா, சேர்ப்பதா? என் யோசனை இது. எழுத்து ஒவ்வொன்றிலும் நல்ல நிலையில் இரண்டு பத்து டாலரை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுவிடுங்கள், அல்லது மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுவது லாபம். கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் நாணயக் கண்காட்சிக்கு வருபவர்களிடம் மலேயாவின் சென்ட் நோட்டுகள் இருக்கும், வாழைமரம் அவர்களிடம் குறைவாக இருக்கும். மலேயாவின் ஒன்பது மதிப்பில் உங்களிடம் ஒன்று, ஐந்து, பத்து, ஆயிரம் இருக்கின்றன. 1, 5, 10, 50 சென்ட்டும் நூறு டாலரும் பாக்கி. நூறில் இரண்டு படவகை உண்டு, இரண்டையும் சேர்த்தால் மலேயா பத்தாகிவிடும். பர்மாவின் ஒன்பதைப் பிறகு பாருங்கள். டச்சுத் தீவுகளிலும் பிலிப்பைன்ஸிலும் ஓஷியானியாவிலும் ஆளுக்கொன்று மாதிரிக்குப் போதும். ஆயிரம் டாலர், எண் உள்ளவை, ஜார்ஜ் மன்னர் ஆகியவற்றை விற்பதென்றால் மட்டும் தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பி உறையிடலாம். சாதாரண பத்து டாலருக்குச் சான்றுச் செலவே நோட்டின் விலையைத் தாண்டும்.

புதிதாக வாங்கும்போது இரண்டைத் தொடாதீர்கள். ஒன்று, ஜப்பானிய மொழியில் 'மிஹோன்', அதாவது மாதிரி, என்று சிவப்பில் அடித்தவை. அசல் உண்டு. ஆனால் சாதாரண நோட்டில் அடித்து விற்பவர்களும் உண்டு, மடிப்புச் சோதனை தெரியும் வரை விலகியிருங்கள். இரண்டு, ஆசாத் ஹிந்த் வங்கி நோட்டுகள். நேதாஜி பெயருக்கு இருக்கும் மதிப்பை வைத்து பிற்காலத்தில் கற்பனையாக அடித்துத் தள்ளியவை சந்தையில் குவிந்து கிடக்கின்றன. வாங்கினால் பெருமைக்கு வாங்குங்கள், சேகரிப்பில் சேர்க்காதீர்கள்.

ரஜூலா சீட்டை நோட்டுகளோடு ஒரே உறையில் போட வேண்டாம். அந்தக் காலத்துச் சீட்டுக் காகிதம் அமிலம் கக்கும், பக்கத்தில் இருப்பதையும் பழுப்பாக்கும். தனி உறையில் வைத்து, 64 நோட்டுகளும் எந்தப் பெட்டியிலிருந்து வந்தன என்று அதே துண்டில் எழுதி, டப்பாவின் மேல்பக்கம் வையுங்கள். நோட்டுகளில் எதை விற்றாலும் அந்தச் சீட்டை விற்காதீர்கள். வாங்குபவர் கேட்டால் படம் மட்டும் கொடுங்கள்.